கொடியும் தோள்பட்டையும்: கப்பலைப் பார்த்ததும் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கொடியைப் பார்த்தால் ‘இது எந்த நாட்டுக் கொடி?’ என்று கேட்பதுதான் நமக்குப் பழக்கம். கப்பலைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தக் கொடி கப்பலில் எந்த இடத்தில் பறக்கிறது?’ என்பது.

நம் மூவர்ணக் கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நிற்கிறது, அதன் மூக்கில் மூவர்ணம் பறக்கிறது என்றால் அது இந்தியப் போர்க்கப்பல். சிவப்புத் துணியின் மேல் மூலையில் மூவர்ணம் சிறிதாக இருந்து, அது கப்பலின் பின்பக்கம் பறந்தால் இந்தியச் சரக்குக் கப்பல். பின்பக்கம் வேறு நாட்டுக் கொடி இருக்க, நடுக் கொடிமரத்தின் வலப்பக்கக் கயிற்றில் மூவர்ணம் ஏறியிருந்தால் அது வெளிநாட்டுக் கப்பல். நம் கடலுக்குள் வந்திருப்பதால் மரியாதைக்கு நம் கொடியை ஏற்றியிருக்கிறது. துணி ஒன்றுதான், இடம் மாறினால் சேதி மாறிவிடும்.

பதவிச் சின்னங்களும் இப்படித்தான். கடற்படையில் கொடி, பதவி இரண்டுமே ‘இங்கே யாருடைய அதிகாரம் நடக்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சுலபம். கீழே உள்ளது இந்தியக் கடற்படையை மையமாக வைத்தது. சரக்குக் கப்பல்களும் நம் துறைமுகங்களில் தினமும் கண்ணில் படுவதால் தேவையான இடத்தில் அவையும் வரும்.

முதல் படி: கப்பலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கப்பலின் அடையாள அட்டை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே பறக்கும் கொடிக்கு என்சைன் என்று பெயர்.

இந்தியக் கடற்படையின் என்சைன் வெள்ளைத் துணி. இடப்பக்க மேல்மூலையில் தேசியக் கொடி. வலப்பக்கம் தங்க விளிம்போடு ஒரு நீல எண்கோணம். அதற்குள் நங்கூரத்தின் மேல் அசோகச் சின்னம், கீழே ‘சம் நோ வருணஹ’ என்ற வாசகம். வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்பது அதன் பொருள். இந்த வடிவம் 2022 செப்டம்பர் 2 அன்று, கொச்சியில் ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல்) விக்ராந்த் என்ற விமானம் தாங்கி படையில் சேர்க்கப்பட்ட நாளில் வந்தது. எண்கோணம் எட்டுத் திசைகளைக் குறிக்கிறது. சத்ரபதி சிவாஜியின் முத்திரையிலிருந்து எடுத்த வடிவம் அது.

அதற்கு முன்பு இருந்த கொடியின் கதை கொஞ்சம் சுற்றி வளைத்தது. 1950 வரை மூலையில் பிரிட்டிஷ் கொடியும், துணி முழுக்க இங்கிலாந்தின் புனிதரான செயின்ட் ஜார்ஜின் சிவப்புச் சிலுவையும் இருந்தன. குடியரசான பிறகு மூலையில் மூவர்ணம் வந்தது, சிலுவை அப்படியே நின்றது. 2001 ஆகஸ்ட் 15 அன்று சிலுவையை எடுத்துவிட்டு நீல நிறத்தில் கடற்படைச் சின்னத்தை வைத்தார்கள். அப்போது கடற்படைத் தலைமைத் தளபதி நாகர்கோவிலில் பிறந்த அட்மிரல் சுஷில் குமார். ஆனால் நீலச் சின்னம் கடலின் நீலத்திலும் வானத்தின் நீலத்திலும் கரைந்து போகிறது, தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று புகார் எழுந்தது. 2004-ல் சிலுவை திரும்பி வந்தது, நடுவில் அசோகச் சின்னத்தோடு. 2014-ல் சின்னத்தின் கீழே ‘சத்யமேவ ஜயதே’ சேர்ந்தது. கடைசியாக 2022-ல் சிலுவை முழுவதுமாகப் போனது. பழைய புகைப்படம் ஒன்று எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க இந்த வரிசை ரொம்ப உதவும். என்சைனைப் பார்த்தே ஆண்டைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

பின்பக்கக் கொடி நீலமாக இருந்து, மூலையில் மூவர்ணமும் மறுபக்கம் கடலோரக் காவல்படைச் சின்னமும் இருந்தால் அது கோஸ்ட் கார்டு கப்பல். உடல் வெள்ளை, பக்கவாட்டில் சாய்கோடு. பலர் இதையும் ‘நேவி கப்பல்’ என்றே சொல்வார்கள். அது தனிப் படை, பதவிப் பெயர்களும் தனி: அசிஸ்டன்ட் கமாண்டண்ட், கமாண்டண்ட், டிஐஜி, ஐஜி என்று போகும். செய்தியில் ‘கோஸ்ட் கார்டு டிஐஜி’ என்று வந்தால் அவர் போலீஸ்காரர் இல்லை.

சரக்குக் கப்பலானால் பின்பக்கம் இன்னொன்றையும் படியுங்கள். கப்பல் பெயருக்குக் கீழே ஓர் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். பனாமா, மன்ரோவியா, மஜுரோ மாதிரி. கப்பல் பதிவான துறைமுகம் அது. மன்ரோவியா என்றால் லைபீரியா, மஜுரோ என்றால் மார்ஷல் தீவுகள். முதலாளி கிரேக்கராக இருக்கலாம், கேப்டன் தூத்துக்குடிக்காரராக இருக்கலாம். வரியும் விதிகளும் சாதகமாக இருக்கும் நாட்டில் பதிவு செய்து அந்தக் கொடியைப் பறக்கவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். ஆகவே கொடியை வைத்து முதலாளியின் நாட்டை முடிவு செய்யாதீர்கள். நடுக்கடலில் அந்தக் கப்பல் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை மட்டும் கொடி சொல்லும்.

இரண்டாம் படி: மூக்கும் உச்சியும்

போர்க்கப்பல் நங்கூரம் போட்டோ துறைமுகத்தில் கட்டப்பட்டோ நிற்கும்போது, மூக்கில் சிறிய கொடி ஒன்று ஏறும். அதுதான் ஜாக். இந்தியக் கப்பல்களில் அது தேசியக் கொடியே. கப்பல் புறப்பட்டதும் ஜாக் இறங்கிவிடும். புகைப்படத்தில் மூக்கில் கொடி இருந்தால் கப்பல் நின்றுகொண்டிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். துறைமுகத்தில் காலை 8 மணிக்குக் கொடியேற்றம், சூரியன் மறையும்போது இறக்கம். அந்த நேரத்தில் கப்பலில் இருக்கும் அத்தனை பேரும் செய்யும் வேலையை நிறுத்திவிட்டு என்சைன் இருக்கும் பக்கம் திரும்பி நிற்பார்கள்.

இப்போது கொடிமரத்தின் உச்சிக்கு வாருங்கள். அங்கே ரிப்பன்போல ஒல்லியான நீளக் கொடி ஒன்று படபடக்கும். கமிஷனிங் பெனன்ட் என்பது அதுதான். கப்பல் படையில் சேர்ந்த நாளில் ஏறி, ஓய்வு பெறும் நாளில், சூரியன் மறையும் வேளையில் கடைசி முறையாக இறங்கும். அது பறக்கும்வரை கப்பல் ‘பணியில்’ இருக்கிறது. ஒரு கமாண்டிங் ஆபீசரின் பொறுப்பில் இருக்கிறது என்றும் பொருள்.

அந்த ரிப்பனுக்குப் பதிலாகச் சதுரக் கொடி ஒன்று பறந்தால் கவனியுங்கள். பெரிய அதிகாரி ஒருவர் அந்தக் கப்பலிலிருந்து தலைமை தாங்குகிறார். ரியர் அட்மிரலும் அதற்கு மேல் உள்ளவர்களும் (பதவி வரிசை ஐந்தாம் படியில் வரும்) தங்களுக்கென்று தனிக் கொடி பறக்கவிடும் உரிமை பெற்றவர்கள். அதனால்தான் அவர்களை ‘ஃபிளாக் ஆபீசர்’ என்கிறார்கள். அந்தக் கொடி ஏறிய கப்பல் ஃபிளாக்‌ஷிப். நம் ஊர் விளம்பரங்களில் ‘ஃபிளாக்‌ஷிப் போன்’ என்று எழுதுகிறவர்கள் கடன் வாங்கியது இங்கிருந்துதான். கமோடோருக்குச் சதுரக் கொடி கிடையாது, நுனி பிளந்த அகலமான பெனன்ட் மட்டும் உண்டு. ஃபிளாக் ஆபீசர் வரிசை அவருக்கு ஒரு படி மேலேதான் தொடங்குகிறது.

2022-ல் என்சைன் மாறியபோது இந்த அதிகாரக் கொடிகளும் உச்சிப் பெனன்ட்டும், காரில் பறக்கும் கொடிகளும் சேர்ந்தே மாறின.

மூன்றாம் படி: உடலில் எழுதிய எண்

கப்பலின் பக்கவாட்டில் பெரிய எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து கப்பலின் வகையைச் சொல்லும். டி என்றால் டெஸ்ட்ராயர் என்ற பெரிய போர்க்கப்பல், எஃப் என்றால் அதைவிடப் பொதுவாகச் சற்றுச் சிறிய ஃபிரிகேட், ஆர் என்றால் விமானம் தாங்கி, எல் என்றால் படைகளைக் கரையில் இறக்கும் கப்பல், ஏ என்றால் எண்ணெய் போன்றவற்றைச் சுமக்கும் துணைக் கப்பல். 2016 நவம்பரில் மும்பையில் படையில் சேர்ந்த ஐஎன்எஸ் சென்னை டி65. அதன் உடன்பிறப்புகளான கொல்கத்தாவும் கொச்சியும் டி63, டி64. விக்ராந்த் ஆர்11. 1997-ல் ஓய்வு பெற்ற பழைய விக்ராந்துக்கும் இதே எண்தான். பெயரோடு எண்ணையும் வாரிசுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

‘ஐஎன்எஸ்’ என்று பெயர் இருந்தாலே கப்பல் என்று நினைக்க வேண்டாம். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி, உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து இரண்டும் விமானத் தளங்கள். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கான வானொலி நிலையம். கரையில் இருந்தாலும் கடற்படைக்கு அவை கப்பல்கள்தான். கடலே தெரியாத அரக்கோணத்திலும் என்சைன் ஏறி இறங்கும்.

நான்காம் படி: நடுக் கயிறுகளில் ஆடும் கலர் கொடிகள்

பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றுவது இங்கேதான். உண்மையில் இது ஓர் அகரவரிசை. சர்வதேசச் சைகை முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 26 கொடிகள், எண்களுக்கு 10 பெனன்ட்கள், ஒரே எழுத்தைத் திரும்பக் காட்ட 3 மாற்றுக் கொடிகள், ‘சேதி கிடைத்தது’ என்று சொல்ல ஒன்று. மொத்தம் 40. நிறங்கள் ஐந்து மட்டும்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. தூரத்தில் ஒன்றோடொன்று குழம்பாத நிறங்கள் இவை. எழுத்துகளை வயர்லெஸ்ஸில் சொல்வதுபோல ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்றே அழைப்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், தமிழில் பியும் பியும் ஒன்றாகிவிடுகிறது பாருங்கள்.

கொடி தனியாகப் பறந்தால் அதற்கு ஒரு முழு வாக்கியத்தின் பொருள். அவசரமானவை, அடிக்கடி தேவைப்படுபவை எல்லாம் ஒற்றைக் கொடியிலேயே வந்துவிடும். 40-ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் துறைமுகங்களில் பார்க்கக் கிடைப்பவை சிலதான். ஒரு கப்பலோடு கூடவே போய்ப் பார்ப்போம்.

எரிபொருள் ஏற்றிய வெளிநாட்டு டேங்கர் ஒன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிறது. பின்பக்கம் லைபீரியக் கொடி. வலப்பக்கக் கயிற்றில் மூவர்ணம். இன்னொரு கயிற்றில் முழு மஞ்சள் கொடி, கியூபெக். ‘என் கப்பலில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி வேண்டும்’ என்பது அதன் பொருள். மஞ்சள் கொடி என்றால் உள்ளே நோய் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய சைகை முறையில் விஷயம் நேர் எதிர். சுகாதார அதிகாரிகள் அனுமதி தந்ததும் அது இறங்கும்.

அப்புறம் துறைமுகத்துப் பைலட் வர வேண்டும். விமானம் ஓட்டுகிறவர் இல்லை, அந்தத் துறைமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் அறிந்து கப்பலை உள்ளே கொண்டுவரும் வழிகாட்டி. அவர் வேண்டும் என்று கேட்க மஞ்சளும் நீலமுமாக ஆறு நெடுக்குப் பட்டைகள் கொண்ட கோல்ஃப். அவர் சிறிய படகில் வந்து, கயிற்றேணி பிடித்து ஏறியதும் அது இறங்கி, பாதி வெள்ளை பாதி சிவப்பான ஹோட்டல் ஏறும்: ‘பைலட் கப்பலில் இருக்கிறார்’. சரக்கு தீப்பிடிக்கக் கூடியது என்பதால் பிளந்த நுனியுடைய முழுச் சிவப்புக் கொடி, பிராவோ, சரக்கு இறங்கும்வரை ஆடிக்கொண்டிருக்கும். அதைக் கண்டால் படகுக்காரர்கள் பக்கத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. மறுபடி கடலுக்குக் கிளம்பும் நேரத்தில் நீலத்துக்கு நடுவில் வெள்ளைச் சதுரம் கொண்ட பாப்பா ஏறும்: ‘எல்லோரும் கப்பலுக்கு வந்து சேருங்கள், புறப்படப் போகிறோம்’. டீ குடிக்கப் போன மாலுமி ஓடி வர வேண்டிய கொடி.

உயிர் சம்பந்தப்பட்டவை தனி. இவற்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

ஆல்ஃபா: கொடிமரப் பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் நீலம், நுனி பிளந்தது. ‘கீழே முக்குளிப்பவர் இருக்கிறார், விலகி மெதுவாகப் போங்கள்’.
ஆஸ்கர்: சிவப்பும் மஞ்சளும் மூலைவிட்டமாக. ‘ஆள் கடலில் விழுந்துவிட்டார்’.
விக்டர்: வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி. ‘உதவி வேண்டும்’.
விஸ்கி: நீலச் சட்டம், உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்பு. ‘மருத்துவ உதவி வேண்டும்’.
யூனிஃபார்ம்: சிவப்பு வெள்ளை நான்கு கட்டம். ‘நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்’.
நவம்பருக்குக் கீழே சார்லி: நீல வெள்ளைக் கட்டங்கள் கொண்ட கொடியும், அதன் கீழே நீலம் வெள்ளை சிவப்பு வெள்ளை நீலம் என்று கிடையாக ஐந்து பட்டைகள் உள்ள கொடியும். ‘பேராபத்து, உடனே உதவுங்கள்’.

இதில் வேடிக்கை என்னவென்றால், நவம்பர் தனியாக வந்தால் ‘இல்லை’, சார்லி தனியாக வந்தால் ‘ஆமாம்’. இரண்டும் சேர்ந்தால் உயிர் போகிற அலறல்.

மீன்பிடிப் படகுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் தொழில் செய்யும்போது சில கொடிகளுக்கு வேறு பொருள் உண்டு. சூலு என்றால் வலை விடுகிறேன், கோல்ஃப் என்றால் வலை இழுக்கிறேன், பாப்பா என்றால் வலை எதிலோ மாட்டிக்கொண்டது. டேங்கோ என்றால் ‘இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கிறோம், விலகுங்கள்’. இரட்டைமடி வலை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆகவே நம் கரையில் அந்தக் கொடியைப் பெருமையாக ஏற்றுகிறவர் யாரும் இருக்க மாட்டார்.

விழா நாளில் கப்பலின் மூக்கிலிருந்து உச்சி வழியாகப் பின்பக்கம் வரை இந்தக் கொடிகளையே தோரணமாகக் கட்டுவார்கள். அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க முயல வேண்டாம். அதில் எந்தச் சேதியும் இல்லை, வெறும் அலங்காரம்.

ஐந்தாம் படி: தோளில் உள்ள கோடுகளை எண்ணுங்கள்

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971-ல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவு. அதையொட்டிச் சில துறைமுகங்களில் போர்க்கப்பல்களைப் பொதுமக்கள் பார்க்க அனுமதிப்பார்கள். அப்படிப் போனால் உங்களுக்கு விளக்கம் சொல்பவரின் தோளைப் பாருங்கள்.

அதிகாரிகளின் தங்கக் கோடுகளில் மேல்கோடு சிறு வளையமாகச் சுருண்டிருக்கும். ஒரு கோடு சப் லெப்டினன்ட். இரண்டு, லெப்டினன்ட். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு, லெப்டினன்ட் கமாண்டர். மூன்று, கமாண்டர். நான்கு, கேப்டன். அதற்கு மேல் மிக அகலமான பட்டை வந்துவிடும்: அது மட்டும் இருந்தால் கமோடோர், கூட ஒரு கோடு சேர்ந்தால் ரியர் அட்மிரல், இரண்டு சேர்ந்தால் வைஸ் அட்மிரல், மூன்று சேர்ந்தால் அட்மிரல். ரியர் அட்மிரல் முதல் மேலே உள்ளவர்களின் அகலப் பட்டையைச் சீருடை ஜாக்கெட்டின் கையில்தான் பார்க்க முடியும். ஃபிளாக் ஆபீசர்களின் தோளில் கோடுகளுக்குப் பதில் நட்சத்திரங்கள் இருக்கும். ரியர் அட்மிரலுக்கு இரண்டு, வைஸ் அட்மிரலுக்கு மூன்று, அட்மிரலுக்கு நான்கு. 2023 டிசம்பர் இறுதியில் இந்தத் தோள்பட்டைகளும் மாறின. என்சைனில் வந்த அதே எண்கோணம், குறுக்கே ஒரு வாள், ஒரு தொலைநோக்கி, மேலே தங்கப் பொத்தான். கொடியும் தோளும் ஒரே முத்திரைக்கு வந்துவிட்டன.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் ‘கேப்டன்’. ராணுவத்தில் கேப்டன் என்றால் இளைய அதிகாரி, அவருக்குச் சமமான கடற்படைப் பதவி லெப்டினன்ட். கடற்படைக் கேப்டனோ ராணுவக் கர்னலுக்குச் சமம், நீண்ட காலம் பணி செய்தவராக இருப்பார். கல்யாணப் பத்திரிகையில் ‘கேப்டன்’ என்று போட்டிருந்தால் எந்தப் படை என்று கேட்டுவிட்டு வியப்பது நல்லது. இது போதாதென்று, சிறிய கப்பலை ஒரு கமாண்டரோ லெப்டினன்ட் கமாண்டரோ நடத்தினாலும் கப்பலுக்குள் அவரைக் ‘கேப்டன்’ என்றே சொல்வார்கள். அது அவர் வகிக்கும் பொறுப்பு, தோளில் உள்ள பதவி வேறு. சரக்குக் கப்பலின் கேப்டன் மூன்றாவது வகை. மெர்ச்சன்ட் நேவி என்பது வணிகத் தொழில், பெயரில் நேவி இருந்தாலும் அது படை இல்லை. அங்கே நான்கு கோடு போட்டவர் கப்பலின் மாஸ்டர்.

மற்றச் சமன்கள்: லெப்டினன்ட் கமாண்டர் என்றால் மேஜர், கமாண்டர் என்றால் லெப்டினன்ட் கர்னல், கமோடோர் என்றால் பிரிகேடியர், வைஸ் அட்மிரல் என்றால் லெப்டினன்ட் ஜெனரல். இந்தச் சமன் வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. மருத்துவர் புனிதா அரோரா ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரலாக இருந்து, 2005-ல் கடற்படைக்கு மாறி சர்ஜன் வைஸ் அட்மிரல் ஆனார். சீருடையின் நிறம் மாறியது, மூன்று நட்சத்திரம் அப்படியே இருந்தது.

யார் எங்கே இருப்பார்? கடற்படை முழுவதற்கும் தலைமைத் தளபதி ஓர் அட்மிரல். மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய மூன்று பிராந்தியங்களுக்கும் வைஸ் அட்மிரல்கள். தமிழ்நாடு விசாகப்பட்டினத்தின் கிழக்குப் பிராந்தியத்தில் வருகிறது. கடலில் ஓடும் கிழக்கு, மேற்குக் கப்பல்தொகுதிகளுக்கு ரியர் அட்மிரல்கள். அட்மிரலுக்கும் மேலே ‘அட்மிரல் ஆஃப் த ஃபிளீட்’ என்று ஒரு பதவி ஏட்டில் இருக்கிறது. ராணுவத்தில் கரியப்பாவும் மானெக்‌ஷாவும் ஃபீல்டு மார்ஷல் ஆனார்கள், விமானப்படையில் அர்ஜன் சிங்குக்கு அதற்கு இணையான பட்டம் கிடைத்தது. கடற்படையில் மட்டும் இதுவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆறாம் படி: கோடில்லாதவர்கள்

கப்பலில் பெரும்பாலானவர்கள் அதிகாரிகள் இல்லை, மாலுமிகள். சீமேன், லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர், அதன்மேல் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் இரண்டு நிலைகள். ஒற்றை நங்கூரம் லீடிங் சீமேனுக்கு, குறுக்கே போட்ட இரட்டை நங்கூரம் பெட்டி ஆபீசருக்கு. ராணுவக் கணக்கில் முன்னவர் நாயக், பின்னவர் ஹவில்தார். மாஸ்டர் சீஃப்கள் சுபேதார், சுபேதார் மேஜர் அளவுக்குப் பெரியவர்கள். இயந்திர அறையில் ஒரு சத்தம் மாறினால் இளம் லெப்டினன்ட் முதலில் தேடுவது இவர்களைத்தான். இந்திய மரபுக்கு ஏற்பக் கடற்படைப் பதவிப் பெயர்களை மாற்றப்போவதாக 2023 கடற்படை நாளில் பிரதமர் அறிவித்தார், ஆகவே இந்தப் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொடியும் பதவியும் நேருக்கு நேர் மோதிய நாள் ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. 1946 பிப்ரவரி 18, பம்பாயில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சித் தளம். கெட்டுப்போன சாப்பாடும் அதிகாரிகளின் வசைகளும் தாங்காமல் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தல்வார் சைகையும் தந்தியும் கற்றுத் தரும் இடம், அதனால் சேதி கப்பலுக்குக் கப்பல் உடனே பாய்ந்தது. போராட்டக் குழுவின் தலைவர் சிக்னல் பிரிவு மாலுமி எம். எஸ். கான், துணைத் தலைவர் பெட்டி ஆபீசர் டெலிகிராபிஸ்ட் மதன் சிங். தோளில் தங்கக் கோடு உள்ள ஒருவர்கூட இல்லை. பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டுக் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றையும் ஒன்றாக ஏற்றினார்கள். எந்தச் சைகைப் புத்தகத்திலும் இல்லாத அந்த மூன்று கொடிகளின் பொருளைக் கரையில் நின்ற ஒவ்வொருவரும் படித்தார்கள்.

ஏழாம் படி: கப்பலில் ஏறும்போது

சீருடைக்காரர்கள் கப்பலில் கால் வைத்ததும் பின்தளத்தை நோக்கி சல்யூட் அடிப்பதைப் பார்க்கலாம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அந்த ஒரு நொடி வழிவிட்டு நின்றால் போதும். கடற்படை சல்யூட்டில் உள்ளங்கை தரையைப் பார்க்கும், ராணுவத்தில் எதிரே இருப்பவரைப் பார்க்கும். தார் பூசிய கயிறு இழுத்துக் கறுத்த கையை அதிகாரிக்குக் காட்டாமல் இருக்கத்தான் இப்படி என்று ஒரு கதை சொல்வார்கள்.

கடலில் சரக்குக் கப்பல் போர்க்கப்பலைக் கடக்கும்போது தன் பின்பக்கக் கொடியைப் பாதி இறக்கும். போர்க்கப்பல் பதிலுக்கு இறக்கி ஏற்றும், அதன் பிறகே முதல் கப்பல் கொடியை உயர்த்தும். போர்க்கப்பல் முதலில் இறக்காது. கொடி மேலே ஏறாமல் பாதியிலேயே நின்று பறந்தால் துக்கம்.

கரையிலிருந்து பார்ப்பதானால் ஏழு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் கை நடுங்கும். காற்றே இல்லாத நாளில் கொடி சுருண்டு தொங்கும், நிறம் மட்டும் தெரியும். கப்பல் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான். போனில் கப்பல்களைக் காட்டும் செயலிகள் சரக்குக் கப்பலின் பெயர், கொடி, அடுத்த துறைமுகம் வரை சொல்லிவிடும். போர்க்கப்பல்கள் பெரும்பாலும் அதில் வராது, அவற்றுக்குக் கண்தான் கருவி. கடற்படைத் தளத்தின் வேலிக்குப் பக்கத்தில் கேமராவை எடுக்க வேண்டாம், ‘படம் எடுக்கக் கூடாது’ என்ற பலகை அங்கே சும்மா வைக்கப்பட்டதில்லை.